பூனைக்குட்டி சரியாக வளர்கிறதா? நீங்களே கண்டுபிடிக்கலாம்!

"எப்பப் பார்த்தாலும் பசி பசின்னு கத்துது டாக்டர். ஆனா உடம்புல ஒட்டவே மாட்டேங்குது!"

சித்த வைத்தியனான என்னிடம் பிள்ளைகளைக் கூட்டி வரும் தாய்மார்கள் வழக்கமாகச் சொல்கிற புகார் இது. இப்போதெல்லாம் இதே புகாரை வீட்டுப் பூனைக்குட்டியைப் பற்றியும் சொல்கிறார்கள். கூடவே ஒரு கேள்வி: "பையனுக்குக் கொடுத்த சூரணத்துல ஒரு சிட்டிகை அதுக்கும் குடுக்கலாமா?"

கூடாது! ஏன் கூடாது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில், குட்டி உண்மையிலேயே மெலிந்திருக்கிறதா, அதன் பசி நல்ல பசிதானா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்வது எப்படி என்று பார்ப்போம்.

தராசு பொய் சொல்லாது

பூனைக்குட்டியின் கத்தலை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பசித்தாலும் கத்தும். தனியாக இருந்தாலும் கத்தும். நீங்கள் ஃபிரிட்ஜைத் திறந்தாலே காலைச் சுற்றி வந்து கத்தும். ஆகவே கண்ணையும் காதையும்விட எடையை நம்புங்கள்.

சமையலறையில் வைத்திருக்கும் சின்ன எலெக்ட்ரானிக் தராசே போதும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, அதன் எடையைக் கழித்துவிட்டு, குட்டியை உட்கார வையுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், சாப்பாட்டுக்கு முன்பு. காலண்டரிலேயே குறித்து வையுங்கள்.

பிறந்த குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். ஏழு முதல் பத்து நாளில் அது இரட்டிப்பாகும். அதன்பின் மாதத்துக்குச் சுமார் அரை கிலோ என்பது எளிய கணக்கு. அதாவது ஒரு மாதத்தில் 400 முதல் 500 கிராம், இரண்டு மாதத்தில் 800 கிராம் முதல் ஒரு கிலோ, மூன்று மாதத்தில் சுமார் ஒன்றரை கிலோ, நான்கு மாதத்தில் இரண்டு கிலோவை ஒட்டி. ஆறு மாதத்தில் இரண்டரை, மூன்று கிலோ. அதற்கு மேல் வளர்ச்சி மெதுவாகும்.

நம் ஊர் நாட்டுப் பூனைக்குட்டிகள் இந்தக் கணக்கில் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். கவலை வேண்டாம். பெண் குட்டி ஆண் குட்டியைவிடச் சிறுத்திருப்பதும் இயல்புதான். எடை எவ்வளவு என்பதைவிட, வாரா வாரம் ஏறுகிறதா என்பதே முக்கியம். வாரத்துக்குச் சுமார் 100 கிராம் ஏறினால் சந்தோஷப்படுங்கள். ஒரு வாரம் ஏறாமல் நின்றால் கவனியுங்கள். குறைந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கண் திறக்காத பச்சைக் குட்டி என்றால் தினமும் எடை பார்க்க வேண்டும். அங்கே ஒரு நாள் இறக்கம்கூட ஆபத்து.

எது நல்ல பசி?

வளரும் குட்டிக்கு, அதன் எடையைக் கணக்கிட்டால், பெரிய பூனையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி தேவை. வயிறோ சின்னது. அதனால்தான் அடிக்கடி பசிக்கிறது. இரண்டு மாதக் குட்டிக்குத் தினமும் நான்கு, ஐந்து வேளை. மூன்று மாதத்துக்கு மேல் மூன்று, நான்கு வேளை. ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வேளை போதும்.

ஆவலாகச் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் ஓடியாடி, பிறகு சுருண்டு தூங்கினால் அது நல்ல பசி. மூன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைக்கும். அப்போது ஒரு வேளை கொஞ்சம் மிச்சம் வைக்கலாம். மே மாத வெயிலிலும் அப்படித்தான். குட்டி சுறுசுறுப்பாக இருக்கும்வரை பயமில்லை.

அள்ளி அள்ளித் தின்றும் எடை ஏறவில்லை, முதுகெலும்பு தெரிகிறது, வயிறு மட்டும் பானை போல இருக்கிறது என்றால் அது நல்ல பசி அல்ல. பெரும்பாலும் வயிற்றுப் புழு. தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு உருளைப் புழு வந்துவிடும். சாப்பிட்டவுடன் வயிறு உருண்டையாவது சகஜம். அடுத்த வேளை வரை அப்படியே இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எண்வகைத் தேர்வு குட்டிக்கும் உதவும்

நோயாளியை நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டு வகையில் பார்க்க வேண்டும் என்பது சித்த மருத்துவ முறை. நாடியை விட்டுவிடுங்கள். மற்றவற்றை வீட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பரிசம்: விலாவை மெதுவாகத் தடவுங்கள். உங்கள் புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படி லேசாகத் தட்டுப்படுகிறதோ, அப்படி இருந்தால் சரியான உடம்பு. மடக்கிய விரல் முட்டியைப் போல நறநறவென்று தட்டுப்பட்டால் மெலிவு. உள்ளங்கையைப் போல எலும்பே தெரியாவிட்டால் கொழுப்பு. தொட்டால் சூடாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். பூனையின் இயல்பான உடல் சூடு 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட்.

நா, நிறம்: ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் இரத்தம் குறைவு. உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் குட்டியின் இரத்தத்தை உறிஞ்சியே அதைச் சாகடித்துவிடும்.

மொழி: சதா கத்தின குட்டி திடீரென்று அடங்கி மூலையில் ஒடுங்கினால், அதுதான் கவலைப்பட வேண்டிய மௌனம்.

விழி: கண் பளிச்சென்று இருக்க வேண்டும். உள் ஓரத்திலிருந்து வெள்ளைத் திரை மாதிரி மூடி நின்றால் உடம்பு சரியில்லை.

மலம், மூத்திரம்: மலம் கட்டியாக இருக்க வேண்டும். இடியாப்ப இழை போலவோ, அரிசிமணி போலவோ ஏதாவது தெரிந்தால் புழு. சிறுநீர் கழிக்க முக்கி முக்கி உட்கார்ந்தும் வரவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள்.

"எங்க வீட்ல சுத்த சைவம்!"

இங்கேதான் பல குட்டிகள் வீணாகின்றன. பால்சோறும் தயிர்சாதமும் வயிற்றை நிரப்பும், குட்டியை வளர்க்காது. பூனை இயற்கையிலேயே மாமிசம் தின்னும் பிராணி. டாரின் என்ற சத்தைத் தேவையான அளவு அதன் உடம்பால் தயாரித்துக்கொள்ள முடியாது. இறைச்சி, மீனிலிருந்துதான் கிடைக்க வேண்டும். மாதக்கணக்கில் அது கிடைக்காவிட்டால் பார்வை கெடும், இதயம் பலவீனமாகும். கேரட்டிலிருந்து நாம் வைட்டமின் ஏ எடுத்துக்கொள்வது போல பூனையால் எடுக்கவும் முடியாது.

மாமிசம் சமைக்காத வீடு என்றால், குட்டிகளுக்கென்றே கடையில் கிடைக்கும் முழுச் சத்துணவைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி கொடுங்கள். மற்றவர்களுக்கும் அதுவே முக்கிய உணவாக இருக்கட்டும். கூடவே உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்து முள், எலும்பு நீக்கிய மீன், கோழி கொஞ்சம் கொடுக்கலாம். மாட்டுப்பால் பல குட்டிகளுக்குப் பேதியை உண்டாக்கும். தண்ணீர் வைத்தால் போதும். தாயில்லாத பச்சைக் குட்டிக்கு, பூனைக்குட்டிகளுக்கான பால் மாவு தனியாகக் கிடைக்கிறது.

நம் மருந்து அதற்கு விஷம்

இப்போது சூரணக் கேள்விக்கு வருகிறேன். மனிதனின் கல்லீரல் முறித்து வெளியேற்றுகிற பல பொருள்களைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. நமக்கு நன்மை செய்யும் பூண்டும் வெங்காயமும் பூனையின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் அதற்கு நஞ்சு. சுரத்துக்கு நாம் போடும் பாரசிட்டமால் ஒரு துண்டு மாத்திரையே உயிரைக் குடித்துவிடும்! பேதிக்கு விளக்கெண்ணெய், புழுவுக்கு வேப்பங்கொழுந்து, மந்தத்துக்கு வசம்பு என்று குழந்தை வைத்தியத்தை அதனிடம் காட்டாதீர்கள். அரை கிலோ உடம்பில் நான்கு முறை பேதியானாலே நீர் வற்றிவிடும்.

புழு மருந்தை எடைக்கு ஏற்ற அளவில் கால்நடை மருத்துவர்தான் தர வேண்டும். குட்டியின் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஆரம்பித்து, இரண்டு மாதம் வரை இரு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை கொடுப்பது வழக்கம். இது உங்கள் பிள்ளைகளுக்காகவும்தான். பூனையின் உருளைப் புழு முட்டை, மண்ணில் பட்ட கை வழியாகக் குழந்தை வயிற்றுக்குள் போகலாம். பூனையோடு விளையாடிய பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவதைப் பழக்கமாக்குங்கள்.

தாமதிக்கக் கூடாத நேரம்

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குட்டி அரை நாள் எதுவும் சாப்பிடாவிட்டாலும், அதைவிடப் பெரிய குட்டி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். சாப்பாட்டை வெறுத்து, வாந்தியும் பேதியுமாகச் சோர்ந்து கிடந்தால், குட்டிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் வைரஸ் நோயாக இருக்கலாம். அன்றே சிகிச்சை தேவை. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, நான்கு மாதம் ஆகும்வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்று மாதத்தில் போடலாம்.

கடைசியாக ஒன்று. ஆறு மாதத்துக்குப் பிறகும், குறிப்பாகக் கருத்தடை செய்த பிறகும், குட்டியாக இருந்தபோது போட்ட அதே அளவைப் போடாதீர்கள். அப்போது தேவை குறையும், பசி குறையாது. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது பூனைக்கும் பொருந்தும். கொழுத்த பூனைக்குச் சர்க்கரை வியாதி வரும்.

மருத்துவரிடம் போகும்போது எடை குறித்த அந்தக் காலண்டர் தாளையும் எடுத்துப் போங்கள். "ஒழுங்கா சாப்பிடல டாக்டர்" என்று சொல்வதைவிட, "ரெண்டு வாரமா எழுநூறு கிராமிலேயே நிக்குது" என்று சொன்னால், பாதி வைத்தியம் அங்கேயே முடிந்த மாதிரி!