பழைய காரின் புகைச் சரித்திரம் – 6
மணவாளக்குறிச்சி மணல்

புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பிளந்து காட்டுவதாகச் சென்ற வாரம் வாக்களித்திருந்தேன். எஞ்சின் விளக்கு அணையாத என் 2014-ஆம் வருஷத்துப் பெட்ரோல் காரை மும்பையின் செம்பூருக்கு ஓட்டிப்போனது வரை வாசகர்களுக்கு ஞாபகமிருக்கும். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளட்டும்.

தாராவியில் பிறந்து வளர்ந்தும் திருநெல்வேலிப் பேச்சை விடாத மெக்கானிக், ஸ்கேனரைச் சொருகித் திரையைப் பார்த்துச் சிரித்தார். "பி பூஜ்யம் நானூத்தி இருவது சார்! உங்க வண்டியே ஃபோர் ட்வென்டி கேஸுல மாட்டிருக்கு." கன்வெர்ட்டரின் திறன் குன்றிவிட்டது என்பதே அந்த எண்ணின் தாத்பரியம். கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் இருக்கும் பிராணவாயு சென்சார்களில் பின்னது சொன்ன சாட்சி அது. ஆனாலும், மலிவான பண்டத்திலிருந்து ஆரம்பிப்பதே தொழில் தர்மம் என்று கருதியவர்போல, "பின்னாடி சென்சார மாத்திப் பாத்துருவமா?" என்றார். சாட்சி சொன்னவனையே தண்டிக்கிற நியாயம் எனக்கு உவப்பாக இல்லாமையால், கழற்றிக் கையில் தரச் சொன்னேன்.

அங்கேதான் கட்டுரை தடம் மாறிற்று. துளையிட்ட உலோக மூடிக்குள், தையற்காரரின் விரலுறையைப்போல் ஒரு பீங்கான்: இட்ரியம் சற்றே கலந்த சர்க்கோனியம் ஆக்ஸைடு. யுரேனிய வில்லைகளுக்குச் சர்க்கோனியக் கலவையால் உறைபோடும் விஷயத்தைக் காலை நடையிலேயே பேசிக்கொள்கிற அணுசக்தி நகரில் இத்தனை வருஷம் குடியிருந்தும், அந்த உலோகம் என் காரின் வயிற்றிலும் இருப்பதை நான் அறிந்தேனில்லை. அதைத் தரும் சர்க்கான் மணல், நான் பிறந்த நாகர்கோவிலுக்கு அருகே, மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கிறது. 1789-இல் பெர்லினில் கிளாப்ரோத் என்ற ரசாயன பண்டிதர் இந்த ஆக்ஸைடை முதன்முதலில் இனங்கண்டதோ, இலங்கையிலிருந்து போன கல்லொன்றில்!

சுமார் 300 டிகிரிக்கு மேல் உஷ்ணம் ஏறியதும் இந்தப் பீங்கான் பிராணவாயு அயனிகளுக்கு வழிவிடும். ஒருபுறம் வெளிக்காற்றும் மறுபுறம் புகையும் நிற்க, புகையில் பிராணவாயு குறைந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட்டும், மிகுந்தால் 0.1 வோல்ட்டும் பிறக்கும்.

சென்சாரைத் திரும்பப் பூட்டி, எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, 2,500 சுற்றில் நிறுத்திப் பார்த்தோம். முன் சென்சார் இரண்டு எல்லைகளுக்குமிடையே ஓயாது குதித்தது. அது அதன் சுபாவம். கன்வெர்ட்டர் ஆரோக்கியமாயிருந்தால் 0.6, 0.7 என்று அசையாதிருக்கவேண்டிய பின் சென்சாரும், பக்கவாத்தியக்காரரைப்போல் முன்னதைத் தொடர்ந்து குதித்தது. சென்சார் கெட்டிருந்தால் இத்தனை சுறுசுறுப்பு ஏது? புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலும் கணக்குத் தவறும் என்பதால், மெக்கானிக் ஈரத்துணியால் குழாயின் வாயைப் பொத்திக் காதுகொடுத்துக் கேட்டார்; எந்த இணைப்பிலும் சீறல் இல்லை.

"அப்ப கன்வெர்ட்டர்தான் சார்," என்றார், பாதி வருத்தமாக.

கன்வெர்ட்டருக்குள் பிராணவாயுவைச் சேமித்துவைத்துப் பின் சென்சாரை அசையாதிருக்கச் செய்யும் வேலை சீரியம் என்ற உலோகத்தினுடையது. அதுவும் மணவாளக்குறிச்சி மணலின் மோனசைட்டில் உண்டு. ஆகையால் கன்வெர்ட்டரை அடுத்த வாரம் பிளப்போம்.