நம்ம ஆஸ்பத்திரி சீட்டு நாலு பேருக்கு உதவும்!



மாதாமாதம் எல்லாக் குழுக்களின் கணக்கையும் கூட்டமைப்பில் ஒன்றாகச் சேர்க்கிறோம். ஒரு குழு கடன் பாக்கியை வட்டியோடு சேர்த்து எழுதுகிறது, இன்னொரு குழு அசலை மட்டும் எழுதுகிறது என்று வையுங்கள். கூட்டினால் ஒரு தொகை வரும். ஆனால் அந்தத் தொகைக்கு அர்த்தம் இருக்காது. அதனால்தான் எல்லாரும் ஒரே மாதிரி பேரேடு வைத்திருக்கிறோம். மருத்துவ ஆராய்ச்சியிலும் இதே கதைதான்.

ஏன் ஒரே மாதிரி எழுத வேண்டும்?

எந்த மருந்து பலன் தருகிறது, எந்த ஊரில் எந்த நோய் அதிகம் என்பதை ஒரு டாக்டர் தன்னிடம் வரும் சில பேரை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆயிரக்கணக்கானவர்களின் குறிப்புகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் நம்ம குறிப்புகள் எங்கே இருக்கின்றன? ஐந்தருவிப் பக்கம் உள்ள ஒரு அக்கா காய்ச்சலுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போவார், ஸ்கேனுக்குத் தென்காசி, ஆபரேஷனுக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட். மூன்று இடத்திலும் மூன்று விதமாக எழுதியிருந்தால் எப்படிச் சேர்ப்பது?

சர்க்கரை 140 என்று மட்டும் எழுதினால் போதாது. வெறும் வயிற்றில் 140 என்றால் கவலைப்பட வேண்டிய அளவு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து என்றால் அவ்வளவு பயம் இல்லை. சில வெளிநாடுகளில் வேறு அளவுமுறை. நம்ம 126 அங்கே 7 என்று இருக்கும்.

பெயரிலும் சிக்கல் உண்டு. கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் வீட்டுக்காரர் இனிஷியல். ஓரிடத்தில் மாரியம்மாள், இன்னோரிடத்தில் மாரி. கணக்கில் ஒரே பெண் இரண்டு பேராகிவிடுவார்.

இதற்காகத்தான் உலக சுகாதார நிறுவனம் நோய்களுக்குக் குறியீடு வைத்திருக்கிறது. ஐ.சி.டி. 10 என்ற பட்டியலில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு சி 53, மார்பகப் புற்றுநோய்க்கு சி 50. மொழி எதுவானாலும் குறியீடு ஒன்றே. கர்ப்பிணிகளுக்கு நம்ம கிராம சுகாதார செவிலியர் போட்டுத் தரும் 12 இலக்க பிக்மி நம்பரும் இது போலத்தான். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்தத் தாய் ஒருவரே என்று தெரியும்.

திண்டுக்கல் பெண்கள் காட்டிய வழி

திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை சமுதாய சுகாதார மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், பிரான்சில் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு ஆய்வைத் தொடங்கின. 30 முதல் 59 வயது வரை உள்ள 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் அடக்கம். ஒரு பகுதிக் கிராமங்களில் பயிற்சி பெற்ற நர்சுகள் கருப்பை வாயில் வினிகர் போன்ற ஒரு திரவத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். மற்ற கிராமங்களில் வழக்கமான சிகிச்சை மட்டும்.

யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார்கள் என்பதை அந்த மாவட்டத்துப் புற்றுநோய்ப் பதிவேடு ஒரே முறையில் குறித்து வந்தது. 2007ல் முடிவு வெளியானது. சோதனை நடந்த கிராமங்களில் நோய் 25 சதவீதமும், அதனால் வந்த சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தது. பிறகு தமிழக அரசு இந்தச் சோதனையை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் கொண்டு வந்தது. பதிவேடு மட்டும் ஒழுங்காக இல்லாவிட்டால், எத்தனை உயிர் பிழைத்தது என்றே தெரிந்திருக்காது.

விவரம் வெளியே போய்விடுமா?

பல சகோதரிகள் பயப்படுவது இதற்குத்தான். “கர்ப்பப்பை நோய்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா பொண்ணு கல்யாணம் என்ன ஆகும்?” நியாயமான கேள்வி. ஆராய்ச்சிக்குக் கொடுக்கும்போது பெயர், முகவரி, போன் நம்பரை எடுத்துவிட்டு, ஒரு எண்ணை மட்டும் வைத்துக் கொடுப்பதுதான் நல்ல முறை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், நமக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும் என்று சொல்கின்றன. பாதியில் விலகிக்கொள்ளலாம், அதற்காகச் சிகிச்சையைக் குறைக்கக் கூடாது. தனிநபர் விவரங்களைப் பாதுகாக்க 2023ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே நிறைவேற்றியிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

• எல்லா இடத்திலும் ஆதாரில் உள்ளபடியே பெயர், இனிஷியல், பிறந்த தேதி சொல்லுங்கள். வயதைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள்.

• பழைய சீட்டு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே பையில் போட்டு, போகும்போது எடுத்துப் போங்கள்.

• சர்க்கரை பார்த்தால் சாப்பிடும் முன்னா, பின்னா என்று குறிக்கச் சொல்லுங்கள்.

• ஆய்வு என்று யாராவது வந்தால் கைநாட்டோ கையெழுத்தோ போடும் முன் கேளுங்கள்: எந்த நிறுவனம்? எதற்காக? என் பெயர் இருக்குமா? முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா? படிக்கத் தெரியாதவர்களுக்குக் குழுவில் படிக்கத் தெரிந்தவர் வாசித்துக் காட்டட்டும்.

• பிடிக்காவிட்டால் “வேண்டாம்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்கள். சேமிப்புப் புத்தகத்தைப் பத்திரமாக வைக்கிற நாம், ஆஸ்பத்திரி சீட்டையும் அப்படியே வைப்போம். அது நம்ம பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சேமிப்பது!