நகரத்தைப் படிப்பதும் ஒரு படிப்பா?

மருத்துவம், கணக்கியல், கம்ப்யூட்டர். நம் வீடுகளில் மேற்படிப்புப் பேச்சு இவற்றைத் தாண்டுவது அபூர்வம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் பார்ட்லெட் பிரிவில் நகரப் புத்தாக்கத்துக்கென்றே ஒரு எம்.எஸ்ஸி. இருக்கிறது. அதைப் படிக்கப்போகிறேன் என்று பிள்ளை சொன்னால், "படிச்சு என்ன வேலைக்குப் போவாய்?" என்றுதான் கேட்போம். நியாயமான கேள்விதான்.

பிரிக் லேனில் ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. பிரான்சிலிருந்து தப்பிவந்த புராட்டஸ்டன்ட் அகதிகள் 1743இல் அதை ஆலயமாகக் கட்டினார்கள். 1819இல் மெதடிஸ்டுகள் வந்தார்கள். 1898இல் அது யூதரின் ஜெப ஆலயமானது, 1976இல் மசூதியானது. வந்தவர்கள் தேறி வேறிடம் போக, அடுத்தவர்கள் வந்தார்கள். யார் போகிறார், யார் போக வைக்கப்படுகிறார், இதில் யாருக்கு லாபம்? இந்தப் படிப்பு கேட்பது இவற்றைத்தான்.

மைக்கேல் யங், பீட்டர் வில்மட் இருவரும் பெத்னல் கிரீனில் வீடு வீடாகப் பேசி 1957இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். எசெக்ஸின் புதுக் குடியிருப்புகளுக்குப் போனவர்களுக்கு நல்ல வீடு கிடைத்தது. பக்கத்துத் தெருவில் இருந்த அம்மாவும் சித்தியும் தூரமாகிவிட்டார்கள். இது நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வசதியுள்ளவர்கள் குடியேற, பழைய குடிகள் வெளியேறுவதற்கு 'ஜென்ட்ரிபிகேஷன்' என்று 1964இல் பெயர் வைத்தவர் ரூத் கிளாஸ். அவரும் ஜெர்மனியிலிருந்து வந்தவர்.

குட்மேய்ஸ் மட்டும் விலக்கா? 1901இல் ரயில் நிலையம் திறந்தபோது சுற்றிலும் பெரும்பாலும் வயல். கேமரன் கார்பெட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வீடுகளை வரிசை வரிசையாகக் கட்டி விற்றார். 2022 மே 24இல் எலிசபெத் லைன் வந்தது. ரயில் வந்தால் வீட்டு விலையும் பின்னால் வரும்.

ஞாயிறு பிற்பகல் மண்டபத்தை மணிக்கணக்குக்கு வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்தும் தமிழ்ச் சபைகள் லண்டனில் பல. அந்த மண்டபம் அடுக்குமாடி வீடாகப்போகிறது என்ற அறிவிப்பு விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும். நாம் அதை நின்று வாசிப்பதில்லை. ஆட்சேபம் எழுதத் தவணை உண்டு, எதை எழுதினால் கவுன்சில் கணக்கில் எடுக்கும் என்பதற்கும் முறை உண்டு. அது தெரிந்த ஒருவர் நம் நடுவே இருக்கவேண்டாமா? நெகேமியாகூட அலங்கத்தைக் கட்டுமுன் இரவில் சுற்றிப் பார்த்தார்.

வேலை கவுன்சில் திட்டப் பிரிவுகளிலும் வீட்டுவசதிச் சங்கங்களிலும் போக்குவரத்துத் துறையிலும் இருக்கிறது. முழுநேரமாகப் படித்தால் ஒரு வருடம். வரலாறு, புவியியல், சமூகவியல் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்தில் முதுநிலைப் படிப்புக்கு அரசு கடன் கிடைக்கும். கட்டணத்துக்கே அது போதாமல் போகலாம் என்பதால், வீட்டில் இப்போதே பேசத் தொடங்குங்கள்.