வெளியே காத்திருக்க ஓர் ஆள்



2023 மார்ச் 26, ஞாயிறு இரவு. வில்லியனூரில் நாட்டு வெடிகுண்டு வீசி, ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். வழக்கு தேசியப் புலனாய்வு முகமை வரை போனது. அந்த வழக்கை நாம் இங்கே பேசப்போவதில்லை. இப்படிப்பட்ட கூட்டங்களின் ஓரத்தில் வந்து நிற்கிற பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களைப் பற்றித்தான் நமக்குக் கவலை.

வில்லியனூரோ பாகூரோ, தொடக்கம் பெரும்பாலும் ஒன்றுதான். பத்தாம் வகுப்பில் தவறியவனுக்கு வீட்டில் 'தண்டச்சோறு' என்று பெயர். ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கும் ஓர் 'அண்ணன்' மட்டும், "சாப்பிட்டியாடா?" என்று கேட்கிறார். பிரியாணி வாங்கித் தருகிறார், பைக்கை ஓட்டக் கொடுக்கிறார். பிறந்தநாளன்று பட்டாக்கத்தியால் கேக் வெட்டி, அது செல்போன்களில் சுற்றுகிறது. ஒரு பொட்டலத்தை அடுத்த தெருவில் கொடுத்துவிட்டு வரச் சொல்வது அதற்குப் பிறகுதான். பணத்துக்காகப் போனான் என்கிறோம். சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் கிடைத்ததால் போனான் என்பதே உண்மைக்கு நெருக்கம்.

"நீ மைனர், கேஸ் நிக்காது" என்று அந்த அண்ணன் தைரியம் சொல்வார். அது பொய். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, 16 வயது நிறைந்தவன் கொடுங்குற்றத்தில் சிக்கினால், பெரியவர்களைப் போலவே விசாரிக்கப்படலாம். அதே சட்டத்தின் 83-ஆம் பிரிவு, சிறுவர்களைச் சட்டவிரோதச் செயலில் ஈடுபடுத்தும் பெரியவர்களுக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 5 இலட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. இதைப் பையனிடமும் சொல்லுங்கள், அவன் அம்மாவிடமும் சொல்லுங்கள்.

1841-இல் குருவான புனித தொன் போஸ்கோ, தூரின் நகரச் சிறைகளுக்குப் போய்வந்தவர். விடுதலையான பையன்கள் மறுபடியும் உள்ளே வருவதைப் பார்த்தார். வெளியே அவர்களைக் கவனிக்க யாருமில்லை என்பதே காரணம் என்று புரிந்துகொண்டார். விளையாட இடம் தேடினார், தங்க இடம் கொடுத்தார். தொழில் பழகச் சேர்த்துவிட்டு, முதலாளிகளோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டார். அதில் பையனை அடிக்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. அறிவுரை சொல்வதோடு நின்றுவிடவில்லை அவர். (நமக்கு அதுதான் எளிதாக வருகிறது.)

நம் கொம்யூன்களிலும் இது முடியாததல்ல. ஐ.டி.ஐ.யில் வெல்டர் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பல பெற்றோருக்கு இது தெரியாது. படித்த பிள்ளைகள் உள்ள வீட்டார், பக்கத்து வீட்டுப் பையனுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கலாம். கையில் திடீரென்று புது செல்போன் வந்தால், அடிக்காமல், ஊர் கேட்கத் திட்டாமல், யார் கொடுத்தது என்று கேளுங்கள். மிரட்டல் வந்தால் 1098-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள்.

கூர்நோக்கு இல்லத்திலிருந்து திரும்புகிறவன் வீட்டுக்கு முதல் வாரமே போய்வாருங்கள். அந்த அண்ணன் முதல் நாளே வந்துவிடுவார்.