சேதி வந்த வழி – 17: வாசலில் நிற்கும் போன்

பெரட்டுக்குக் கூப்பிடும் தப்பு, தபால் பை, தோட்ட ஆபீஸ் டெலிபோன் எல்லாவற்றையும் தாண்டிக் கைபேசிக்கு வந்துவிட்டோம். நடுவில் விட்டவர்கள் பழைய இதழ்களைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். பாடசாலையில் பிடிபடும் போன்கள் எங்கே போகின்றன என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். குறுக்கே கொத்மலை வானொலி வந்துவிட்டது.

தெற்காசியாவில் முதன்முதலாகக் கைபேசிச் சேவை வந்தது இலங்கையில், 1989இல். கொண்டுவந்தது செல்டெல் நிறுவனம். இந்தியாவில் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு முதல் கைபேசி அழைப்பை எடுக்க 1995 ஜூலை 31 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 1989இல்தான் நுவரெலியா மாவட்டத்தில் கொத்மலை சமூக வானொலியும் பிறந்தது. கொத்மலை அணைக்காக ஊர்விட்டுப் பெயர்ந்த மக்களை மனதில் வைத்து இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தொடங்கிய சின்ன நிலையம் அது.

இதுவரை சாதாரணக் கதை. 1990களின் கடைசியில் யுனெஸ்கோ உதவியோடு அந்த நிலையத்துக்கு இணையம் வந்தது. கூகுள் கம்பெனியே 1998இல்தான் பிறந்தது என்பதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். கொத்மலையில் யார் வீட்டில் அப்போது கம்ப்யூட்டர் இருந்தது? நேயர்கள் தங்கள் கேள்வியை நிலையத்துக்கு அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடுவார். ஆங்கிலத்தில் கிடைப்பதைப் பாமரருக்கும் விளங்கும்படி ஒலிபரப்பில் எடுத்துச் சொல்வார். நோய் பற்றிய கேள்வி என்றால் பக்கத்தில் ஒரு டாக்டர் இருப்பார், சட்டம் என்றால் ஒரு வழக்கறிஞர். வானொலிப் பெட்டி வைத்திருந்தவரெல்லாம் இணையம் வைத்திருந்தவர் ஆனார்! நேரில் தேட விரும்பியவர்களுக்குக் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் நூலகத்தில் இலவசமாகக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். இதைப் படித்ததிலிருந்து வீட்டில் யாரையும் நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை நான்.

ஒரு குறை. ஒலிபரப்பு பெரும்பாலும் சிங்களத்தில்தான். சுற்றியிருந்த தோட்டத்து லயங்களுக்கு அந்த இணையம் கேட்டிருக்கும், விளங்கியிருக்குமா?

சரி, போனுக்கு வருவோம். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினார்கள். அதுவரை கேட்டுக்குள் விடாத சாமான் இல்லாவிட்டால் இனிப் பாடமே இல்லை என்றானது. லயக்காம்பராவில் ஸ்மார்ட் போன் ஒன்று இருந்தாலே பெரிது. அதுவும் அப்பாவோடு கொழும்பில் இருக்கும், இல்லாவிட்டால் அம்மாவின் மடியில் மலைக்குப் போகும். தரம் 6இல் ஒன்று, தரம் 9இல் ஒன்று, ஓ/எல் எழுத ஒன்று என்று மூன்று பிள்ளைகள் இருந்தால் யாருக்கு முதலில்? தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாயைத் தொட்டதே 2021 மார்ச்சில், வர்த்தமானி போட்ட பிறகு. போனும் ரீலோடும் அதற்குள்தான்.

சிக்னல் தேடி மலையேறியது தோட்டத்துப் பிள்ளைகள் மட்டுமல்ல. பதுளை மாவட்டத்துப் பொஹிட்டியாவ கிராமத்தில் ஆசிரியரும் மாணவருமாகக் காட்டு வழியே மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்து பாறை உச்சியில் பாடம் படித்ததை 2021இல் உலகமே பார்த்தது. நாட்டின் 43 இலட்சம் மாணவரில் சுமார் 40 வீதம் பேருக்கே இணைய வகுப்பு எட்டுகிறது என்றார் இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின். பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், மனிதர் பலமுறை மறியலுக்குப் போய் வந்தவர்.

கொத்மலைக்கு இணையம் கொண்டுவந்த அதே யுனெஸ்கோ 2023இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. பாடசாலையில் ஸ்மார்ட் போனுக்குத் தடை போட்ட நாடுகள் அப்போது நாலில் ஒன்றுக்கும் குறைவு. பிரான்ஸ் 2018இலேயே சட்டம் கொண்டுவந்திருந்தது; பிரேசில் 2025 ஜனவரியில் சேர்ந்துகொண்டது. நமது அரச பாடசாலைகளில் மாணவர் போன் கொண்டுவரக் கூடாது என்பது பழைய கட்டளை. 2024இல் கல்வி அமைச்சு இன்னொன்றும் சொன்னது: குறிப்பையும் வீட்டுப் பாடத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். வகுப்பறையில் போன் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கேட்டில் போனைத் தடுத்துவிட்டு, இரவு எட்டு மணிக்குக் குரூப்பில் பாடம் போடும் பாடசாலை, தடையை அல்ல, செலவைத்தான் வீட்டுக்கு அனுப்புகிறது. தடுக்கிற பாடசாலை கொத்மலை செய்ததைச் செய்யட்டும். ஒரு இணைப்பு, அதைத் தேடி எடுத்துத் தமிழில் விளக்க ஒரு ஆசிரியர், கேட்க ஒரு வகுப்பு. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பு வானொலியால் முடிந்தது இது.

ஹட்டன் பக்கத்து ஆசிரியர் ஒருவர் சொன்னார்: “அண்ணே, பிள்ளையக் கண்டிக்கலாம். பறிச்ச போன் பிள்ளையோடது இல்லியே, வீட்டுக்கே அது ஒண்ணுதான.” அதிபரின் அலுமாரியிலிருந்து அந்தப் போனை மீட்க அம்மா அரைப் பேரை, அதாவது அரைநாள் சம்பளத்தை, இழந்து வந்து நிற்கும் விவகாரம் அடுத்த வாரம். இடையில் வேறு வானொலி எதுவும் கண்ணில் படாதிருந்தால்.

(தொடரும்)