புதுக் கம்ப்யூட்டரில் பழைய தமிழ்க் கடிதம்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய கம்ப்யூட்டரைத் தள்ளிவிட்டு, பெங்களூர் எஸ்.பி. ரோடு கடைகளில் புதியது வாங்க எண்ணும் தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்.

போட்டோக்களையும் ஆங்கிலக் கடிதங்களையும் பென் டிரைவில் மாற்றிக்கொள்ளலாம், தொல்லையில்லை. பழைய தமிழ்க் கடிதங்களின் கதை வேறு. சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும், ஊர் நிலத்தின் விவரமும் புதிய திரையில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குழம்பி நிற்கும். கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். அவை கெடவில்லை.

காரணம் எளிது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் வைக்கப்பட்டிருந்தது. சின்ன 'எம்' இருக்கும் இடத்தில் 'அ' இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் 'எம்' மட்டுமே தெரியும். இப்படி ஆளுக்கொரு முறை இருந்ததால், தமிழக அரசு 1999-ல் டாம், டாப் முறைகளையும், 2010-ல் யுனிகோடையும் ஏற்றது.

செய்ய வேண்டியவை மூன்று. விண்டோஸின் 'ஃபாண்ட்ஸ்' பகுதியிலுள்ள தமிழ் எழுத்துருக்களையும் சேர்த்து நகலெடுங்கள். புதியதில் அவற்றை நிறுவி, ஒவ்வொரு கடிதத்தையும் திறந்து படித்துப் பாருங்கள். பிறகு, மாற்றித் தரும் மென்பொருள் கொண்டு யுனிகோடில் ஒரு பிரதி வையுங்கள். அடுத்த கம்ப்யூட்டரில் இந்தத் தொல்லை வராது.

அதுவரை பழையதைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம். எழுத்துரு அதில் மட்டுமே இருக்கலாம்.