கண்ணில் இடும் ஊசி: பயனும் பாதுகாப்பும்

அறுந்த பாவிழையைக் கண்டு முடிபோடுவதற்கும், கத்தரி இலையின் அடியில் ஒட்டிய பூச்சி முட்டையைக் கண்டு களைவதற்கும் கைத்திறன் மட்டும் போதாது. கூரிய கண்ணும் வேண்டும். அக்கண்ணை ஓசையின்றிக் கெடுக்கும் நோய்களுள் நீரிழிவும் ஒன்று. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையோர் என்று 2023 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணக்கிட்டது. தாம்பரம், பல்லாவரம் வட்டார அங்கத்தினர் பலர், "கண்ணுக்குள் ஊசி போட வேண்டுமென்கிறார்களே, போட்டுக்கொள்ளலாமா?" என்று நம்மிடம் வினவுவதுண்டு. அதற்கு விடை கூற முற்படுவோம்.

நோயும் மருந்தும்

இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருப்பின், விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதுறுகின்றன. பிராணவாயு குறைந்த விழித்திரை ஒருவகைப் புரதத்தைச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் குழாய்கள் மேலும் கசிகின்றன. வலுவற்ற புதுக்குழாய்களும் முளைக்கின்றன. வாய்க்காற் கரை கசிந்து வயலில் நீர் கட்டுவதுபோல, பார்வையின் மையத்தில் நீர் கோத்துக்கொள்கிறது. உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கப்படும் உயிரியல் மருந்துகளான பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்ளிபெர்செப்ட் ஆகியவை அப்புரதத்தைப் பற்றிச் செயலிழக்கச் செய்கின்றன.

பயன்

அமெரிக்காவில் 660 நோயாளிகளிடம் இம்மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2015 இல் வெளியாயிற்று. பார்வைக் குறைவு சிறிதாயிருந்தோர், எம்மருந்தைப் பெற்றபோதிலும், ஓராண்டில் பரிசோதனை அட்டையில் ஏறத்தாழ 8 எழுத்துகள் கூடுதலாகப் படித்தனர். குறைவு மிகுந்தோரில் அஃப்ளிபெர்செப்ட் பெற்றவர்கள் 19 எழுத்துகளும், பெவாசிசுமாப் பெற்றவர்கள் 12 எழுத்துகளும் கூடுதலாகப் படித்தனர். எனவே விலை மலிந்த மருந்து பயனற்றதன்று. எவருக்கு எது ஏற்றது என்பதை மருத்துவரே தீர்மானித்தல் வேண்டும்.

ஆயினும் ஓர் ஊசியோடு வேலை முடிவதில்லை. அவ்வாய்விற் கலந்துகொண்டோருக்கு முதலாண்டில் 9 அல்லது 10 ஊசிகள் தேவைப்பட்டன. சங்கக் கடனின் தவணை தவறினால் வட்டி ஏறும். இத்தவணை தவறினாலோ பார்வையே குறையும்.

பாதுகாப்பு

ஊசியின் பெரிய அபாயம் கண்ணினுள் கிருமி புகுதல். தக்க சுத்தத்துடன் இடப்படின் இது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே நேர்கிறது. பெவாசிசுமாப் புற்றுநோய்க்கென 4 மில்லிலிட்டர் புட்டியிலும் வருவது. கண்ணுக்கு வேண்டுவதோ 0.05 மில்லிலிட்டர். ஆதலின் ஒரு புட்டியைப் பலருக்குப் பங்கிடுகின்றனர். மொத்தமாக வாங்கிப் பங்கிடுவதன் நன்மையைக் கூட்டுறவாளர் அறிவர். பங்கீட்டில் தூய்மை கெட்டால் எல்லோர்க்கும் கேடு என்பதையும் அறிவர். 2016 ஜனவரியில் அகமதாபாத்தில் இம்மருந்தின் பெயரால் ஊசி பெற்ற பலர் கண் பாதிக்கப்பட்டனர். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமையகம் கண்ணுக்கு இதனைப் பயன்படுத்தலாகாதென எச்சரித்தது. ஆராய்ந்த பின் அவ்வாண்டு மார்ச்சில் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டது.

அங்கத்தினர் செய்ய வேண்டுவன

மருந்தின் பெயர் யாது, முழுப்புட்டியா பங்கிட்டதா, எங்கே பங்கிடப்பட்டது என்று கேட்டறியுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தாலும், கருவுற்றிருந்தாலும் முன்னரே மருத்துவரிடம் கூறுங்கள். ஊசிக்குப் பின் சில நாட்களில் கண் கடுமையாக வலித்தாலோ, சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவமனை செல்லுங்கள். மறுநாளுக்கு ஒத்திவைக்க வேண்டாம். ஊசி போட்டாயிற்றென்று சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளைக் கைவிடலாகாது.

நீரிழிவுடையோர் குறையொன்றும் தோன்றாவிடினும் ஆண்டுக்கொருமுறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ளல் அவசியம். 1819 இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குத் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் எளிதிற் செல்லலாம். ஒவ்வொரு சங்கமும் நீரிழிவுடைய அங்கத்தினர்களைக் கண்டறிந்து, ஆண்டுக்கொருநாள் குறித்து, அனைவரையும் ஒருங்கே அழைத்துச் செல்லுமாயின், தனியே போகத் தயங்குவோரும் உடன் வருவர். ஒருவருக்காக எல்லோரும், எல்லோருக்காக ஒருவர் என்னும் நம் கொள்கைக்கு இதனினும் நல்ல செயல் வேறென்ன உண்டு?